கோபத்தின் விலாசம்

பிரயாணம் மனிதனைப் பண்படுத்தும் என்று சொல்லுகிறார்கள். அப்படிச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் பிரயாணத்தை முடித்துக்கொண்டு வீடு திரும்பி, குளித்துச் சாப்பிட்டு, சாய்வு நாற்காலியில் சாய்ந்த பிறகே சொல்லுகிறார்கள். பிரயாணத்தின் நடுவில், பெட்டி வந்து சேராமல், வண்டியும் தவறிப்போய், பசியோடு நிற்கிற ஒருவனிடம் போய்க் கேட்டுப் பாருங்கள். அவன் சொல்லுகிற பதில் அவ்வளவு பண்பட்டதாக இராது.

ஐரோப்பாவில் நான் கழித்த முதல் நாள் என்னைப் பண்படுத்தவில்லை. நான் எவ்வளவு பண்படாதவன் என்பதைத்தான் எனக்குக் காட்டிற்று. அதை எழுதுவதில் எனக்குப் பெருமை ஒன்றுமில்லை. ஆனால் அன்று என் மனத்தில் எழுந்த ஒரு கேள்வி அதற்குப் பிறகு என்னை விடவேயில்லை. ஒரு காரியம் கெட்டுப் போகிறது. அதற்கு இன்னார்தான் குற்றவாளி என்று விரலை நீட்ட யாரும் இல்லை. அப்போது நமக்கு வருகிற கோபத்தை எந்த விலாசத்துக்கு அனுப்புவது?

ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் என் பால்ய நண்பர் ஒருவர் நெடுநாளாகக் குடியிருக்கிறார். அவர் அழைப்பின் பேரில் புறப்பட்டேன். கல்லூரிப் படிப்பை முழுசாக முடிக்காதவன் நான். கதை எழுதிப் பிழைக்கிறவன். வெளிநாட்டுப் பிரயாணம் எனக்கு அதுதான் முதல் தடவை. நண்பர் எல்லாவற்றையும் மணிக் கணக்காகத் திட்டம் போட்டு எழுதி அனுப்பியிருந்தார். வளைகுடா நாடு ஒன்றில் விமானம் மாறி, பகல் ஒரு மணிக்குப் பிராங்க்பர்ட்டில் இறங்குவது. விமான நிலையத்தை ஒட்டியே, நீண்டதூர ரயில்களுக்காக 1999ல் திறந்த ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. அங்கே மூன்று மணி வண்டியைப் பிடிப்பது. 2002ல் திறந்த புதிய பாதையில் அந்த வண்டி மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம் வரை ஓடும். ஒரு மணி நேரத்தில் கொலோன். மாலைக் காப்பி நண்பர் வீட்டில்.

காகிதத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

இறங்கியவுடன் இரண்டு வரிசைகள். ஒன்று ஐரோப்பியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு. மற்றொன்று உலகத்தில் மிச்சமுள்ள எல்லாருக்கும். முதல் வரிசை ஆற்று நீர் போல் ஓடிற்று. இரண்டாவது வரிசை குளத்து நீர் போல் நின்றது. என் கையில் ஒரு கட்டுக் காகிதம்: விசா, திரும்பி வருவதற்கான டிக்கெட், நண்பரின் அழைப்புக் கடிதம், 30,000 யூரோவுக்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்று விசாவுக்காக விதித்த மருத்துவ இன்ஷூரன்ஸ். ஒன்றரை மணி நேரம் நின்ற பிறகு, கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த அதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

“எதற்கு வந்தீர்கள்? எத்தனை நாள்? கையில் பணம் எவ்வளவு? என்ன தொழில்?”

“எழுத்தாளன்” என்றேன். அவர் என் முகத்தையும் பாஸ்போர்ட்டிலிருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் எழுத்தாளனுடையதாகத் தோன்றவில்லை போலும். அழைப்புக் கடிதத்தை இரண்டு முறை படித்தார். நான் சிரித்த முகத்தோடு நின்றேன். கோபம் வரவில்லையா என்றால், வந்தது. ஆனால் வாய்க்கு வரவில்லை. கையில் முத்திரை வைத்திருக்கிறவர் முன்னால் என் கோபம் மிகவும் மரியாதை தெரிந்ததாக நடந்துகொண்டது.

இந்த இடத்தை வாசகர்கள் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு பெட்டிகள் சுற்றி வருகிற இடம். என்னோடு வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். கடைசியில் நானும், யாரும் எடுக்காத ஒரு நீலப் பையும் மட்டும் மிஞ்சினோம். அந்தப் பை ஐந்தாறு முறை என்னைச் சுற்றி வந்தது. அதற்குப் பிறகு இயந்திரத்தையும் நிறுத்திவிட்டார்கள். விமானம் மாறிய ஊரிலேயே என் பெட்டி தங்கிவிட்டதாம். அதில் துணிமணி இருந்தது. நண்பரின் மனைவிக்கு வாங்கிய நாட்டுச் சர்க்கரை இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, என் புத்திசாலித்தனத்தின் அடையாளமாக, என் சர்க்கரை வியாதி மாத்திரைகளும் இருந்தன.

அங்கே இருந்தவர் ஒரு படிவத்தைக் கொடுத்தார். பெட்டியின் நிறம், அளவு, சக்கரம் உண்டா இல்லையா என்றெல்லாம் எழுதிக் கொடுத்தேன். இம்மாதிரி விஷயங்களுக்கு 1999ல் மாண்ட்ரியால் நகரத்தில் செய்துகொண்ட ஒரு சர்வதேச ஒப்பந்தம் உண்டு. இந்தியா 2009ல் அதில் சேர்ந்தது. அதன்படி 21 நாளில் பெட்டி வந்து சேராவிட்டால்தான், காணாமல் போனதாக வைத்துக்கொண்டு பிரயாணி தன் உரிமையைக் கேட்கலாம். சட்டத்துக்குப் பொறுமை அதிகம். சர்க்கரை வியாதிக்கு அவ்வளவு இல்லை.

ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலே கால். மூன்று மணி வண்டி அந்நேரம் கொலோனையே அடைந்திருக்கும். டிக்கெட் கவுண்டரில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது. என் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, அது செல்லாது என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள்.

விஷயம் இதுதான். நண்பர் எனக்காக முன்கூட்டியே வாங்கியிருந்தது மலிவு டிக்கெட். குறிப்பிட்ட ஒரு வண்டிக்கு மட்டுமே அது செல்லும். அந்த வண்டி தாமதமாகி, அதனால் பிரயாணி கஷ்டப்பட்டால் வேறு வண்டியில் ஏற்றிக்கொள்வார்கள். ஆனால் இங்கே தாமதமானது வண்டியில்லை, நான். என்னைத் தாமதப்படுத்தியது விமானக் கம்பெனி. அந்தக் கம்பெனிக்கோ என் ரயிலைப் பற்றிக் கவலையில்லை. இரண்டும் தனித்தனியாக வாங்கிய டிக்கெட்டுகள். விமானக்காரர் தம் ஒப்பந்தத்தின்படி நடந்தார். ரயில்காரர் தம் ஒப்பந்தத்தின்படி நடந்தார். இரண்டு ஒப்பந்தங்களுக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது. அதில் நான் விழுந்துவிட்டேன்.

“புதிய டிக்கெட் வாங்கவேண்டும்” என்று சொல்லி ஒரு தொகையைக் காட்டினாள். என் மனம் அதை ரூபாயாக மாற்றிப் பார்த்தது. அவ்வளவுதான். பாஸ்போர்ட் வரிசையில் விழுங்கியது, பெட்டிக்குக் காத்திருந்து விழுங்கியது எல்லாம் சேர்ந்து வெளியே வந்துவிட்டது. கத்தினேன். என் அரைகுறை ஆங்கிலம் பாதி வழியில் தீர்ந்துபோக, மீதியைத் தமிழில் கத்தினேன். உங்கள் தேசத்தில் மனிதர்களே கிடையாதா, விதிகள்தான் குடியிருக்கின்றனவா என்றேன். மருந்தில்லாமல் நான் விழுந்தால் யார் பதில் சொல்வது என்றேன். இன்னும் என்னவெல்லாமோ சொன்னேன், எழுதக் கூசுகிறது. பின்னால் நின்றவர்கள் பார்த்தார்கள். அவள் பதிலுக்குக் கத்தவில்லை. முகம் சிவந்து, கைகள் இரண்டையும் மேஜைக்குக் கீழே இறக்கிக்கொண்டாள்.

“வருந்துகிறேன். இந்த விதியை நான் போடவில்லை” என்றாள்.

அந்தக் கைகளைக் கண்டதும் எனக்கு என் அப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது.

என் அப்பா ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா. காவிரிக் கரையில் ஒரு சின்ன ஸ்டேஷன். மீட்டர்கேஜ் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்த காலம். அட்டை டிக்கெட்டைத் தேதி குத்தும் இயந்திரத்தில் கொடுத்து ‘டக்’கென்று அவர் இழுக்கிற சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. ஒரு நாள் வண்டி மூன்று மணி நேரம் தாமதம். வெள்ளை வேஷ்டி உடுத்திய பெரிய மனிதர் ஒருவர் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு அப்பாவைப் பேசாத பேச்செல்லாம் பேசினார். பிள்ளை பக்கத்தில் நிற்கிறானே என்றுகூடப் பார்க்கவில்லை. அப்பா இரண்டு கைகளையும் மேஜைக்குக் கீழே இறக்கிக்கொண்டு, “வந்துடும் சார், வந்துடும்” என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. பசியில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத் திண்ணையில் வந்து படுத்துக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

“அப்பா, அந்த ஆள் உங்களை அப்படித் திட்டினாரே, நீங்க ஏன் ஒண்ணும் சொல்லலே?” என்று கேட்டேன்.

“என்னை எங்கேடா திட்டினார்? ரயிலைத் திட்டினார். ரயிலுக்குக் காது இல்லே, எனக்கு இருக்கு. அதான்” என்றார்.

அந்த வெள்ளை வேஷ்டிக்காரரை எத்தனையோ வருஷங்களாக என் மனத்தில் ஒரு துஷ்டனாக வைத்திருந்தேன். என் கதைகளில் இரண்டு மூன்று இடங்களில் அவரைக் கொண்டுவந்து தண்டித்தும் இருக்கிறேன். பிராங்க்பர்ட் ஸ்டேஷனில், அந்தக் கவுண்டரின் முன்னால், அவர் நானாக நின்றுகொண்டிருந்தார்.

திருக்குறளில் வெகுளாமை என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அதன் தொடக்கத்திலேயே வள்ளுவர் ஒரு விஷயத்தை எடுத்து வைக்கிறார்: தன் கோபம் பலிக்கக்கூடிய இடத்தில் அதை அடக்குகிறவன்தான் உண்மையில் கோபத்தை அடக்கியவன், பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன? பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தபோது ஏதோ ராஜாக்களுக்குச் சொன்ன நீதி என்று நினைத்தேன். அன்றுதான் அது எனக்கும் சொன்னது என்று புரிந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த அதிகாரியிடம் என் கோபம் பலிக்காது. அங்கே நான் சாந்த சொரூபி. கவுண்டரில் இருந்த பெண்ணிடம் பலிக்கும். அவளால் என்னைத் திருப்பி அனுப்ப முடியாது, எழுந்து போகவும் முடியாது. அங்கே நான் வீராதி வீரன். அப்படியானால் என் பொறுமை பொறுமையா? என் கோபம் நியாயத்துக்காக எழுந்த கோபமா? இரண்டும் ஒரே பயத்தின் இரண்டு முகங்கள் அல்லவா?

கதை இதோடு முடிந்துவிடவில்லை. நான் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். டிக்கெட்டோடு அவள் ஒரு துண்டுக் காகிதத்தையும் நீட்டினாள். ஒரு பக்கம் அடுத்த வண்டியின் நேரம், பிளாட்பாரம், பெட்டி எண். மறுபக்கம் ஒரு சின்னப் படம்: விமான நிலையத்துக்குள்ளேயே இருக்கிற மருத்துவமனைக்குப் போகும் வழி, திரும்ப வேண்டிய இடங்கள், அம்புக்குறிகளோடு. “மாத்திரைக்கு” என்று மட்டும் சொன்னாள்.

நான் கத்திய அத்தனையிலும் அவள் காது பொறுக்கி எடுத்தது அந்த ஒரு விஷயத்தைத்தான். அந்த வழியே போனேன். என் ஊர் டாக்டரின் சீட்டைக் கைப்பேசியில் காட்டினேன். சில நாளைக்கான மருந்துக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

மாத்திரையோடு பிளாட்பாரத்துக்குத் திரும்பி வந்தால், அங்கே என் வண்டிக்கு நேராக இருபது நிமிஷம் தாமதம் என்று போட்டிருந்தது. இருபது நாற்பதாயிற்று. நாற்பது எழுபதாயிற்று. ஜெர்மானிய ஒழுங்கைப் பற்றி நான் ஊரில் கேட்டிருந்த புகழுரைகளையெல்லாம் மனத்துக்குள் ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். பக்கத்தில் நின்ற முதியவரிடம் என்னவென்று கேட்டேன்.

“தண்டவாளத்தில் அவசர மருத்துவர் வேலை செய்கிறாராம். அதனால் பாதையை மூடியிருக்கிறார்கள்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் புரியாமல் விழித்தேன். “இப்படி அறிவித்தால் எங்களுக்கு அர்த்தம் தெரியும்” என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. எங்கோ ஒரு மனிதர் தண்டவாளத்தில் அடிபட்டுக் கிடக்கிறார். அவருடைய நாள் எப்படித் தொடங்கியதோ! நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த பிளாட்பாரத்தில் நின்ற இரண்டு மணி நேரமும் ஒன்றே ஒன்றைத்தான் யோசித்தேன். காலையிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி, ‘இது யார் குற்றம்?’ என்பது. கெட்டுப்போன ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு குற்றவாளி இருந்தே தீரவேண்டும் என்பது என் மனத்தின் பிடிவாதம். கிடைக்காவிட்டால் கைக்கு எட்டுகிறவரைப் பிடித்து அந்த இடத்தில் உட்கார வைத்துவிடுவேன். ஆனால் கேட்கவேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது: ‘இப்போது இவரை யார் கவனித்துக்கொள்வது?’ அந்தப் பெண் முதல் கேள்விக்கு, நான் அல்ல என்று பதில் சொன்னாள். அது உண்மை. இரண்டாவது கேள்வியை அவளிடம் யாரும் கேட்கவில்லை. அதற்கு அவள் ஒரு துண்டுக் காகிதத்தில் பதில் எழுதிக் கொடுத்தாள்.

ஐரோப்பியச் சட்டமும் இந்த இரண்டு கேள்விகளையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தில் ஓர் எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் வானத்தை மறைத்ததால் ஆறேழு நாட்களில் சுமார் ஒரு லட்சம் விமானப் பயணங்கள் ரத்தாயின. சுமார் ஒரு கோடிப் பேர் நடுவழியில் தவித்தார்கள். எரிமலை மேல் யார் வழக்குப் போடுவது? ஒரு பிரயாணி தன் சாப்பாட்டுச் செலவையும் தங்கிய செலவையும் விமானக் கம்பெனியிடம் கேட்டு வழக்குப் போட்டார். எரிமலை எங்கள் குற்றமா என்றது கம்பெனி. 2013 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. குற்றம் கம்பெனியுடையதல்ல, ஆனாலும் வழியில் நிற்கிற பிரயாணிக்கு உணவும் இருப்பிடமும் கொடுக்கிற கடமை அதனால் நீங்கிவிடாது என்பது அதன் சாரம்.

2023 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த ரயில் விதியும் அதே வழியில் போகிறது. வண்டி ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் கால் பங்கு, இரண்டு மணி நேரமானால் பாதி பிரயாணிக்குத் திரும்ப வரவேண்டும். தண்டவாளத்தில் ஆள் இருந்தது போல ரயில்காரரால் தவிர்க்க முடியாத காரணமானால் அந்தப் பணம் கிடையாது. ஆனால் காத்திருப்பவருக்குக் கூடிய மட்டும் ஆகாரமும் பானமும் தரும் கடமை அப்போதும் உண்டு. அதாவது, குற்றம் இல்லாத இடத்தில் ஈட்டுத்தொகை இல்லாமல் போகலாம். கடமை இல்லாமல் போவதில்லை. நீதிசாஸ்திரம் படித்தவர்கள் பல பக்கங்களில் சொல்லக்கூடியதை ஒரு ரயில் விதி சில வரிகளில் சொல்லிவிட்டது.

அப்படியானால் கோபமே கூடாதா, எல்லாவற்றையும் தலையெழுத்து என்று பொறுத்துக்கொள்ள வேண்டியதுதானா என்று வாசகர் கேட்கலாம். நான் அப்படிச் சொல்லவில்லை. ‘விதியை நான் போடவில்லை’ என்ற பதிலை உலகத்தில் எல்லாரும் சொல்லிக்கொண்டு போனால், அநியாயத்துக்கு விலாசமே இல்லாமல் போய்விடும். விதியை யாரோ போட்டிருக்கிறார்கள். விமானத்துக்கும் ரயிலுக்கும் நடுவில் இருக்கிற சந்தை மனிதர்கள்தாம் உண்டாக்கியிருக்கிறார்கள். மனிதர்கள் நினைத்தால் அதை அடைக்கலாம். பிரயாணிக்கு ஈட்டுத்தொகை என்று 2004ல் ஒரு விமான விதி பிறந்ததென்றால், அது சும்மா பிறந்திராது. பலருடைய கோபம் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கோபம் மேல்நோக்கிப் போகவேண்டும். மாற்றக்கூடியவர் மேஜைக்கு அது போகவேண்டும். ஆனால் மேலே ஏறுவது சிரமம். கடிதம் எழுத வேண்டும், காத்திருக்க வேண்டும், பதில் வராவிட்டால் மறுபடியும் எழுத வேண்டும். கீழே விழுவது சுலபம். அதனால்தான் உலகத்துக் கோபமெல்லாம் தண்ணீர் போல் பள்ளத்தைத் தேடி ஓடி, கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் தலையில், ஹோட்டலில் மேஜை துடைக்கிற பையன் தலையில், வீட்டில் மனைவி தலையில் வந்து விழுகிறது.

வண்டி வருவதற்குச் சற்று முன்னால், அந்தப் பெண்ணிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிடலாம் என்று கவுண்டருக்கு ஓடினேன். அவள் இருந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். அவளுடைய வேலை நேரம் முடிந்துவிட்டதாம். வீட்டுக்குப் போயிருப்பாள். சாப்பிட்டிருப்பாளோ, பசியில்லை என்று படுத்துவிட்டாளோ!

கொலோனில் இறங்கியபோது இரவு ஒன்பதரை. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே அந்தப் பெரிய தேவாலயம் நிற்கிறது. 157 மீட்டர் உயரம். 1248ல் கட்டத் தொடங்கி, நடுவில் நூற்றாண்டுக் கணக்கில் வேலை நின்று கிடந்து, 1880ல் முடித்தார்கள் என்று நண்பர் சொன்னார். 632 வருஷத் தாமதத்தைத் தாங்கிய ஊரில் என்னுடைய ஐந்தரை மணி நேரத்தைப் பற்றி வாயைத் திறக்க எனக்கு வெட்கமாயிருந்தது.

பெட்டி மூன்றாம் நாள் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தது. நாட்டுச் சர்க்கரை மட்டும் கொஞ்சம் சிந்தியிருந்தது. விமானக் கம்பெனிக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். ரயில் கம்பெனிக்கும் எழுதினேன். இரண்டு டிக்கெட்டுகளுக்கும் நடுவில் உள்ள சந்தைப் பற்றித்தான். இரண்டுக்கும் அச்சடித்த படிவங்கள் இருந்தன. பெயர், நாள், வண்டி எண், நஷ்டம் எவ்வளவு என்றெல்லாம் கட்டம் போட்டிருந்தார்கள். நான் செய்த குற்றத்தை எழுத மட்டும் அதில் ஒரு கட்டம் கிடையாது. அவள் பெயர் எனக்குத் தெரியாது; எந்த விலாசத்துக்கு எழுதுவதென்றும் தெரியவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் அப்பாவிடம் இதைச் சொல்லலாம் என்றால், அவரும் இப்போது இல்லை. அந்தத் துண்டுக் காகிதத்தை அவர் வைத்துவிட்டுப் போன பழைய ரயில்வே டைரிக்குள் வைத்திருக்கிறேன். இன்றைக்கு எந்தக் கவுண்டரின் முன்னால் எனக்குக் கோபம் வந்தாலும், முதலில் மேஜைக்கு மேலே இரண்டு கைகள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்கிறேன்.